பதினேழு எழுத்து, இரண்டு வண்டி

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மறைமலைநகரில் பெல்ட் கம்பெனி என்று சொன்னால், ஆண்கள் எஞ்சினுக்குள் சுற்றுகிற பெல்ட் என்று நினைத்துக்கொள்வார்கள். பெண்கள் இடுப்பில் கட்டுகிற பெல்ட் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், "எங்க மருமவ கம்பெனில டெய்லரா கீறா" என்று சொல்லி வைத்திருந்தார். நான் அதைத் திருத்தியதில்லை. திருக்கழுக்குன்றத்தில் காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

நாங்கள் செய்வது கார்களுக்கான சீட் பெல்ட். பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறேன். முதல் எட்டு வருடம் லைனில் நின்றேன். அதன்பிறகு, பழுதாகித் திரும்பி வரும் பெல்ட்டுகளை ஆராயும் பிரிவில் உட்கார வைத்தார்கள். பூட்டு விழாத பெல்ட், இழுத்தால் வராத பெல்ட், வந்தால் திரும்பிப் போகாத பெல்ட் எல்லாம் என் மேசைக்கு வரும். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு இருக்கும். அதில், அந்த வண்டியின் உடம்பில் அடித்திருக்கும் சேஸ் நம்பர். எண்களும் சேர்த்துப் பதினேழு எழுத்து. அதை வைத்துத்தான் பெல்ட் எந்தத் தொகுதியில், எந்த மாதம், எந்த ஷிப்டில் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான்கு வருடம் தினமும் அதையே படித்தால் அது நம்பராகத் தெரியாது, பெயராகத் தெரியும். முதல் மூன்று எழுத்தில் நாடும் கம்பெனியும். அடுத்து மாடல், உடம்பு, எஞ்சின். பத்தாவது எழுத்து வருடம். அதற்கடுத்தது எந்தத் தொழிற்சாலை என்பது. கடைசி ஆறும் அந்த வண்டிக்கே உரிய வரிசை எண். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அந்தப் பதினேழில் எங்கேயும் வராது. ஒன்று, பூஜ்யம் என்ற எண்களோடு குழம்பிவிடும் என்பதால் உலகம் முழுக்க அவற்றைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் என் கணவருக்கும் தெரியாது. அவர் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் டிரைவர். விருந்தாளிகளை விமான நிலையத்திலிருந்து கூட்டிவருவார், கோயில்களைச் சுற்றிக் காட்டுவார். வண்டி என்றால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார். நான் அதில் மூக்கை நுழைத்ததில்லை.

கார் வாங்கலாம் என்ற பேச்சு முட்டுக்காட்டில் தொடங்கியது. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில் படகுத்துறைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தின் மேல் ஒரு பஸ் எங்களை ஒட்டித் தாண்டிப் போனது. அந்தக் காற்றிலேயே ஸ்கூட்டர் ஒரு முழம் விலகியது. விழவில்லை. ஆனால் பாலம் தாண்டியதும் அவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார்.

"போதும். இனிமே நாலு பேரு இதுல வேணாம்" என்றார்.

புதுக்கார் நமக்கு எட்டாது, பழையதுதான் என்று முடிவானது. அவருக்குப் பிடித்த ஒரு சின்னக் கார், ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டு இடத்தில் விற்பனைக்கு இருந்தது. ஒன்று திருவிடந்தையில் அவருடைய நண்பர் நடத்தும் பழைய கார் கடையில். இன்னொன்று செங்கல்பட்டில், ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பினோம்.

திருவிடந்தை கடை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில். பச்சை வலைக்குக் கீழே இருபது வண்டிகள் நின்றன. கடைக்காரர் என் கணவரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்.

"வா மச்சான். வா தங்கச்சி. இன்னா வெய்யிலு பாத்தியா, மோர் சொல்லட்டா?" என்று வரவேற்றார். "உனுக்குன்னே எட்த்து வெச்சிகினுகீறேன் மச்சான். பதினெட்டு மாடலு. சிங்கிள் ஓனரு. ஒரு கீறலு கீதா காட்டு பாப்போம்."

சிவப்பு வண்டி. உண்மையிலேயே அழகாக இருந்தது. என் கணவர் அதை எடுத்துக்கொண்டு கோவளம் வரைக்கும் போய்த் திரும்பினார். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மனசுக்குள் வாங்கியே விட்டார்.

"எஞ்சின் பட்டு மாதிரி கீது" என்றார் என்னிடம்.

நான் கடைக்காரரிடம், "அண்ணா, சேஸ் நம்பர் எங்க அடிச்சிகீது, காட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "மச்சான், தங்கச்சி போலீஸ்ல சேந்துட்டாங்களா இன்னா?"

என் கணவரும் சிரித்தார். கொஞ்சம் கூச்சமும் பட்டார். "அதெல்லாம் இன்னாத்துக்கு? தெரிஞ்ச எடம்தான?" என்று என் காதுக்கருகில் சொன்னார். நான் கதவைத் திறந்து, முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பில் இருந்த சின்ன மூடியைத் தூக்கினேன். இந்த மாடலில் அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். பதினேழும் பொருந்தியது. பத்தாவது எழுத்து ஜே. இரண்டாயிரத்துப் பதினெட்டு. அதுவும் சரி.

"இன்னா தங்கச்சி, பதினேழும் கீதா? ஒண்ணு ரெண்டு கொறையுதா?" என்றார் கடைக்காரர்.

எல்லாம் சரியாக இருந்தும் விரலால் தடவியபோது ஏதோ இடறியது. இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. கைப்பையில் இருந்த மெல்லிய வெள்ளைத் தாளை எழுத்துகளின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தேன். எழுத்துகள் தாளில் ஏறின. வண்டிப் பதிவு ஆபீசில் கேட்கிற பென்சில் பிரிண்ட்தான் அது; ஊரறிந்த விஷயம். ஆனால் ஒரு பொம்பளை காருக்குள் குனிந்து அதை எடுப்பதைக் கடையில் இருந்த எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

முன்பணம் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் அப்போதே சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். "அந்த வண்டியையும் பாத்துட்டு வரலாங்க. அவர்கிட்ட வரோம்னு சொல்லிட்டோமே" என்றேன். அரை மனதோடு வந்தார்.

செங்கல்பட்டு வீட்டில் பெரியவர் வாசலிலேயே காத்திருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக வந்து, ஓய்வு பெற்றதும் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மனைவிக்குக் கண் அறுவை நடந்திருந்தது. அவரும் இனி ஓட்டப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். வண்டி வெள்ளை. பதினாறு மாடல். பின்பக்கம் ஒரு நசுங்கல், இருக்கைத் துணி மங்கல். சிவப்பைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் அதைச் சுற்றிக்கூட வரவில்லை.

நான் மூடியைத் தூக்கினேன். ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். பதினான்காவது இடத்தில் நின்றுவிட்டேன். வண்டியில் அடித்திருந்தது பூஜ்யம். ஆர்.சி.யில் இருந்தது ஓ.

"சார், ஒரு எழுத்து மாறிகீது" என்றேன்.

"என்னம்மா சொல்லுதீங்க?"

காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தரையில் முழங்கால் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் மீட்டர் படிச்சவன் நான். ஒரு புள்ளி தப்பாப் படிச்சா என்ன ஆகும்னு புதுசா வேலைக்கு வந்த பசங்களுக்குப் பாடம் எடுத்தவன். என் வண்டி நம்பரை நான் படிக்கலையே!" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "என்ன ஆச்சு?" என்று குரல் கொடுத்தார்.

என் கணவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார். "டூப்ளிகேட்டு வண்டி. பாத்தா பெரிய மனுசன் மாதிரி கீறாரு. வா போலாம்."

"இருங்க, பிரிண்ட் எட்த்துகினு வரேன்."

"இன்னும் இன்னாத்துக்கு? நம்பரே மாறிகீதுன்னு நீதான சொன்ன?"

நான் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பெரியவர் அப்போதும் காரின் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நான் ஏமாத்துக்காரன் இல்லம்மா" என்றார். "தெரியும் சார்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது. ஓ என்ற எழுத்து சேஸ் நம்பரில் வரவே வராது என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஸ்கூட்டரில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்ததும் இரண்டு தாள்களையும் எடுத்தேன். ஒரே மாடல் என்பதால் முதல் எட்டு, ஒன்பது எழுத்துகள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இருந்தன. வெயில் அடிக்கிற ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்திப் பிடித்தேன். ஒன்பதாவது எழுத்து வரைக்கும் ஒரே எழுத்தாகத் தெரிந்தன. இரண்டு தாள் என்று சொல்ல முடியாது. அதற்கப்புறம் விலகியது. வருடம் வேறு, வரிசை எண் வேறு, அதனால் எழுத்துகள் மாறலாம். ஆனால் எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எப்படி மாறும்? எல்லாவற்றையும் ஒரே மெஷின் அல்லவா அடிக்கிறது?

வெள்ளை வண்டியின் தாளைத் தனியாகப் பார்த்தேன். பதினேழும் பள்ளிக்கூட வரிசை மாதிரி நேராக நின்றன. சிவப்பு வண்டியின் தாளில் பத்தாவது எழுத்து ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. கடைசி ஆறு எண்களும் மற்றவற்றைவிட ஆழம். அவற்றைச் சுற்றித் தாள் வழவழவென்று வெளுத்திருந்தது. உலோகத்தைத் தேய்த்துச் சமன் செய்த இடத்தில் பென்சில் அப்படித்தான் பிடிக்கும். ஜே எழுத்தின் நடுவில், லேசாக, ஒரு சின்னக் குறுக்குக்கோடு. ஜே எழுத்துக்கு அங்கே கோடு கிடையாது. எஃப் எழுத்துக்கு உண்டு.

எஃப் என்றால் இரண்டாயிரத்துப் பதினைந்து.

தாளைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தேன். என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பென்சிலு நழுவியிருக்கும்" என்றார்.

"நழுவல."

"அவன் என்கூடப் படிச்சவன்டி. எனுக்குப் போயி திருட்டு வண்டிய குடுப்பானா?"

"அவருக்கே தெரியாம இருக்கலாம் இல்ல?"

"வண்டி விக்கிறவனுக்குத் தெரியாதாம், ஓட்டுறவனுக்குத் தெரியாதாம், உனுக்குத் தெரிஞ்சிருச்சாம்!"

அவர் கத்தவில்லை. ஆனால் அது எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக என் வேலையைப் பற்றி அவரிடம் நான் உட்கார்ந்து பேசினேன். பெல்ட் எங்கிருந்து வருகிறது, சீட்டில் என்ன எழுதியிருக்கும், நான் என்ன பார்ப்பேன் என்று. கடைசியில் சொன்னேன்: "எங்க பெல்ட்டு ஒவ்வொண்ணுலயும் அடியில ஒரு துணிச் சீட்டு தெச்சிருக்கும். அதுல செஞ்ச வருசம் இருக்கும். இந்த மாடலுக்கு நாங்கதான் பெல்ட்டு குடுக்கிறோம். பெல்ட்டு செஞ்சி ரெண்டு மூணு மாசத்துல வண்டில ஏறிடும். வருசக்கணக்குல கெடக்காது. அஞ்சு பெல்ட்டையும் இழுத்துப் பாக்கலாம். பதினெட்டுன்னு இருந்தா நான் உங்க நண்பர்கிட்ட மன்னிப்பு கேக்குறேன். நாளைக்கே அந்த வண்டிய வாங்கலாம்."

அவர் இரண்டு தாள்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

மறுபடி திருவிடந்தை. மாலை வெயில் சாய்ந்திருந்தது. வாங்கத்தான் வந்திருக்கிறோம் என்று கடைக்காரர் சாவியோடு எழுந்து வந்தார். நான் நேராக ஓட்டுநர் இருக்கைக்குப் போய், பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தேன். சீட்டைத் திருப்பினேன். பதினைந்து. பக்கத்து இருக்கை. பதினைந்து. பின்னால் மூன்று. மூன்றும் பதினைந்து, ஐந்தும் ஒரே காலாண்டு. பழைய பெல்ட் பழுதாகி மாற்றியிருந்தால் வண்டியைவிடப் புதிய பெல்ட் இருக்கும். மூன்று வருடம் பழைய பெல்ட் ஐந்தும் ஒன்றாக வந்து ஏறாது.

நான் தாளை விரித்து, குறுக்குக்கோட்டைக் காட்டி, பெல்ட்டைக் காட்டி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குரல் உயரவில்லை. என் மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் சொல்வது போலத்தான் சொன்னேன்.

கடைக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இன்னா மச்சான் இது? ஆளுங்க முன்னாடி என்னிய அசிங்கப்படுத்துற? ஒரு பெல்ட்டு சீட்ட வெச்சிகினு, பொம்பள பேச்சக் கேட்டுகினு..."

என் கணவர் அப்போது சொன்னார்: "பொம்பள பேச்சு இல்ல மச்சான். இது அவங்க தொழிலு. நான் இன்னிக்கிதான் கேட்டேன். நீயும் கேளு."

'அவங்க' என்றார். பிறத்தியாரிடம் என்னைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அந்த இடத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடைக்காரர் காருக்குள் ஏறி, ஐந்து பெல்ட்டையும் தானே இழுத்துப் பார்த்தார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெளிமாநிலத்து ஏஜென்ட் ஒருவனிடம் மொத்தமாக மூன்று வண்டி வாங்கியதில் இதுவும் ஒன்று என்றார். அவர் சொன்னது உண்மை என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அந்த முகம் ஏமாற்றியவனின் முகம் இல்லை. ஏமாந்தவனின் முகம்.

"அண்ணா, இத வேற யாருக்கும் வித்துடாதீங்க" என்றேன்.

மறுநாள் காலையில் என் கணவருக்குப் போன் வந்தது. "மச்சான், ஸ்டேஷனுக்குப் போறேன். தனியாப் போவ பயமா கீது. கூட வரியா?" இவர் ரிசார்ட்டில் விடுப்பு சொல்லிவிட்டுப் போனார். பிறகு தெரிந்தது: எங்கோ நொறுங்கிப்போன ஒரு பதினெட்டு மாடல் வண்டியின் காகிதத்தையும் நம்பரையும், வேறெங்கோ காணாமல் போன வண்டிக்குப் போர்த்தியிருக்கிறார்கள். கடைக்காரருக்குப் பெரிய நஷ்டம். ஆனால் தானாகவே போய்ச் சொன்னதால் அவர் மேல் வழக்கு எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு செங்கல்பட்டுக்குப் போனோம். ஓ என்ற எழுத்து சேஸ் நம்பரிலேயே கிடையாது, அதனால் அது தட்டச்சில் நேர்ந்த பிழையாகத்தான் இருக்கும், வண்டி வாங்கியபோது கொடுத்த அசல் பில் இருக்கிறதா என்று பெரியவரிடம் கேட்டேன். இருக்கிறதாவா? பீரோவிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துவந்தார். பெட்ரோல் போட்ட சீட்டு முதற்கொண்டு அடுக்கி வைத்திருந்தார். பில்லில் பூஜ்யம், தெளிவாக. அவருடைய மனைவி, "இப்பவாவது நிம்மதியாச் சாப்பிடுவீங்களா? ஒரு வாரமா அந்த ஓ-வப் பத்தியேதான் பேச்சு" என்றார்.

அதே பெல்ட் சோதனையை இந்த வண்டியிலும் செய்தேன். ஐந்தும் பதினாறு. பெரியவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் தானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டார். "இது எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று அவர் சொன்னதில் வருத்தம் இல்லை, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவரின் சந்தோஷம் இருந்தது.

ஆர்.சி.யைத் திருத்த வண்டிப் பதிவு ஆபீசுக்கு மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. மூன்று முறையும் பெரியவர் கோப்போடு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். கடைசி முறை, வண்டிகளைச் சோதிக்கும் அந்த ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வந்தார். நான் எடுத்திருந்த பென்சில் பிரிண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா யார் எடுத்தது? மெக்கானிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். என் வீட்டம்மா" என்றார் என் கணவர். பெரியவரும் அதே நேரத்தில், "இந்தம்மாதான்" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளை வண்டி எங்களுடையதானது. பின்பக்க நசுங்கலை இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டப் பழகுகிறேன். கடைக்காரர் நான்கு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, புதுசா ஒரு வண்டி வந்திருக்குது. ஞாயித்துக்கெழம ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்றியா? நீ சொன்னாத்தான் வாங்குவேன்" என்றார். இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போய்ப் பார்த்துச் சொல்கிறேன். அங்கே யாரும் சிரிப்பதில்லை. போனதும் பென்சிலைச் சீவிக் கொடுக்கிறார்கள்.

என் கணவர் இந்தக் கதையை ரிசார்ட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்கிறாராம். ஒருமுறை பிள்ளைகளோடு நானும் அவர் வண்டியில் ஏறியபோது, முன்னால் இருந்த ஒரு சென்னைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கதையில் நான் நம்பரைத் தொட்டவுடனேயே கண்டுபிடித்துவிடுகிறேன். தாளை ஜன்னலில் வைத்தது, திரும்பத் திரும்பப் பார்த்தது, நாங்கள் சண்டை போட்டது எதுவும் அதில் இல்லை. பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். கடல் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.